பொழுதுபோக்கு யாருக்கு? லேஸ் பின்னிய கைகளைப் பற்றி

பொழுது போகவில்லை என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பொழுது பத்தவில்லை என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். விடியுமுன் தண்ணீர்க்குடம், பிறகு பருத்திக்காடோ மில் ஷிப்டோ, திரும்பி வந்தால் அடுப்பு, அடுப்பு அணைந்தால் பிள்ளை. இதில் 'ஹாபி' என்கிற வார்த்தை பள்ளிக்கூடத்து ஆங்கிலப் புத்தகத்தில் மட்டும்தான் வரும். 'என் பொழுதுபோக்கு' என்று கட்டுரை எழுதச் சொன்ன டீச்சருக்கு நான் தபால்தலை சேகரிப்பு என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்குத் தபாலே வராது.

ஆனால் ராஜபாளையம் பக்கம் வாக்கப்பட்டுப் போன எங்கள் பெரியம்மா கையில் ஒரு குரோஷா ஊசி இருந்தது. நுனியில் கொக்கி வைத்த, ஒரு சாண்கூட இல்லாத இரும்பு ஊசி. 1960களில் ஒரு மிஷன் போர்டிங்கில் எட்டாம் வகுப்பு வரை படித்தபோது கற்றுக்கொண்டது. பகலில் களை எடுத்தது, பிற்பாடு சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை. சாயங்காலமானால் தெருவிளக்குக் கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்து லேஸ் போடும். இன்னும் நாலைந்து பெண்கள் கூடிக்கொள்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் பெரியம்மாவுக்கு ஒரு நூல்கண்டு வாங்கி வரவேண்டும். வெள்ளை நூல். வேறு கலர் பிடிக்காது.

கல்லூரிக்குப் போய், இயக்கத்துக்குள் வந்து, நாலு புத்தகம் படித்த திமிரில் நான் அதைக் கிண்டல் செய்தேன். "வெள்ளைக்கார தொரசானி சொல்லிக்கொடுத்த வேலைய இன்னும் விடமாட்டேங்கியே பெரியம்மா. இது எசமான் வீட்டு மேசைக்குப் போடுற துணி. நமக்கு மேசையே கெடையாது" என்றேன். பெரியம்மா ஊசியை நிறுத்தவில்லை. "ஏ புள்ள, மேசை இல்லாதவதான் போடணும். இருக்கவ வாங்கிக்கிடுவா" என்று மட்டும் சொன்னது.

அந்தப் பதில் எனக்கு விளங்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. பொழுதுபோக்கு, கூடிச்செய்தல், கொடை என்ற மூன்று அழகான சொற்களை வைத்துத்தான் இன்றைக்குக் குரோஷாவைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்த மூன்றும் யாருடையவை என்று கேட்டுப் பார்த்தால் நம் பெண்களின் இருநூறு வருட வரலாறு ஒன்று அதற்குள் சுருட்டி வைக்கப்பட்டிருப்பது தெரிகிறது.

1

தமிழ் பேசும் பகுதியில் லேஸின் கதை நாகர்கோவிலில் தொடங்குகிறது. அதற்கும் முன்னால் மயிலாடியில் தொடங்குகிறது என்பதே சரி. தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் பாதிரிமார் கொண்டுவந்து போட்ட பிச்சையல்ல. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் என்கிற பறையர் தேடிப்போய் அழைத்து வந்தது. அந்த அழைப்பின் பேரில்தான் 1806இல் லண்டன் மிஷனின் ரிங்கல்டௌபே திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் கோயில் எழுந்தது.

1819இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்கான போர்டிங் பள்ளியில் 1820களின் தொடக்கத்தில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல. திண்டு போன்ற தலையணை மேல் ஊசிகளைக் குத்தி, ஏராளமான நூல்குச்சிகளை அங்குட்டும் இங்குட்டும் மாற்றிப் பின்னுகிற லேஸ். படிப்பும் வேதமும் போக மீதி நேரத்தில் பிள்ளைகள் அந்தத் தலையணைக்கு முன் உட்கார்ந்தார்கள். பின்னியது வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு விலைபோனது. அந்த வருமானம் பள்ளிச் செலவுக்கும் உதவியது.

அந்தப் பிள்ளைகள் யார்? நாடார், பறையர் வீட்டுப் பிள்ளைகள். சிலர் அடிமைகள். திருவிதாங்கூரில் 1855 வரை அடிமைமுறை சட்டப்படியே இருந்தது. புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் விற்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட அடிமைச் சிறுமிகள் சிலர் லேஸ் பின்னிச் சம்பாதித்த காசில் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிக்கொண்டதை மிஷன் பதிவுகள் பெருமையோடு குறித்திருக்கின்றன. மிஷனின் பெருமையாக அது எழுதப்பட்டது. எனக்கு அது வேறுவிதமாகப் படுகிறது. தன் உடம்பின் விலையைத் தன் விரலால் சம்பாதித்துக் கட்டியவள் அந்தச் சிறுமி. கொடுத்தவள் அவள். ஆனால் பதிவில் மார்த்தாவின் பெயர் இருக்கிறது, அவள் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அந்த வருடங்களில்தான் அதே மண்ணில் தோள்சீலைக் கலகம் நடந்தது. 1822இல் தொடங்கி 1859 வரை விட்டுவிட்டு எரிந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் மேலே துணி போட்டால் கிழித்தெறிந்தார்கள். 1859இல் வந்த அரசாணை நாடார் பெண்களுக்குத்தான். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று நிபந்தனை வைத்தது. புலையர் பெண்கள் கழுத்தில் கிடந்த கல்லுமாலையை அறுத்தெறிய 1915இல் அய்யன்காளி காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தன் மார்பை மறைக்க உரிமை இல்லாத சாதியில் பிறந்த பெண், எங்கோ கடலுக்கு அப்பால் இருந்த ஒருத்தியின் கழுத்துப்பட்டிக்குப் பூப்பூவாக லேஸ் பின்னினாள். இதற்கு மேல் இந்தச் சித்திரத்துக்கு விளக்கம் வேண்டியதில்லை.

2

நாகர்கோவிலிலிருந்து லேஸ் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தது ஒரு கல்யாணத்தின் வழியாக. மால்ட் தம்பதியின் மகள் எலைசா நாகர்கோவிலிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் அவருக்கு வளர்ந்த பாஷை. 1844இல் இடையன்குடிக்கு மணமகளாகப் போனார். மாப்பிள்ளை ராபர்ட் கால்டுவெல். தேரிக்காட்டு ஊரான இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, அம்மாவிடம் கற்ற லேஸையும் அங்கே கற்றுக்கொடுத்தார்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். கால்டுவெல்லைப் பரீட்சைக்காக உருப்போட்டவள். 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணம் இல்லாமல் எங்கள் பாடத்திட்டமே இல்லை. ஆனால் அந்த வீட்டின் இன்னொரு அறையில் பனையேறிகளின் பெண்பிள்ளைகள் லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்கள் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. இலக்கணம் வரலாறு, லேஸ் வரலாறு இல்லை. அது 'தையல் கிளாஸ்'.

ஒப்பிலக்கணத்துக்கே என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். பறையர்கள் திராவிடர்களா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு கால்டுவெல் எழுதிய பகுதி 1913இல் வந்த மூன்றாம் பதிப்பில் நீக்கப்பட்டது. 2008இல் கவிதாசரண் பதிப்பு வந்தபிறகுதான் பலரும் விடுபட்டதை உணர்ந்தார்கள். ஆம்பளை எழுதிய புத்தகத்திலிருந்தே நம்மைப் பற்றிய பக்கங்களை உருவ முடிகிறது என்றால், நம் பெண்கள் துணியில் எழுதியதை உருவ எவ்வளவு நேரமாகும்? குரோஷாவில் ஒரு குணம் உண்டு. கடைசிக் கண்ணியை மட்டும் அவிழ்த்து நூலை இழுத்தால் போதும், மொத்தப் பின்னலும் சரசரவென்று பிரிந்து வெறும் நூலாகிவிடும். வரலாறும் அப்படித்தான் பிரிக்கப்படுகிறது.

3

இனி குரோஷா. தலையணை லேஸ் பின்ன இடம் வேண்டும், திண்டு வேண்டும், தொடங்கினால் ஒருவாறு முடிக்கும்வரை எடுத்துவைக்க முடியாது. குரோஷாவுக்கு ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூலும் போதும். நூலை ஒரு கண்ணியாக்கி, அந்தக் கண்ணிக்குள் கொக்கியை விட்டு அடுத்த கண்ணியை இழுப்பது. அவ்வளவுதான் வித்தை. எந்த நேரமும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் உயிரோடு நிற்கும். அதனால் பிள்ளை அழுதால் மடியில் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம், சோறு பொங்கினால் இறக்கிவைத்துவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடரலாம். வீட்டு வேலையின் இடுக்குகளுக்குள் நுழையத் தோதான வேலை. இந்தத் தோதுதான் அதன் சாபமும். இடுக்கில் செய்கிற வேலையை வேலை என்று யாரும் எண்ணுவதில்லை.

ஐரோப்பாவில் குரோஷா பரவிய காலமே பஞ்சகாலம். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, சனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது கன்னியாஸ்திரீகளும் கனவான் வீட்டுப் பெண்களும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தார்கள். விலையுயர்ந்த வெனிஸ் லேஸைப் போலவே அவர்கள் பின்னித் தள்ளினார்கள். பசித்த குடிசையில் பின்னியது பணக்காரியின் கழுத்தில் ஏறியது. அதே காலத்தில் அதே குரோஷா மாளிகைகளில் பொழுதுபோக்காகவும் ஆனது. விக்டோரியா ராணியே பின்னினார். போயர் யுத்தத்தில் வீரம் காட்டிய சிப்பாய்களுக்கென்று 1900இல் தன் கையால் 8 கழுத்துத்துணிகள் குரோஷாவில் பின்னிக் கொடுத்தார். எந்தத் துணி எவனுக்குப் போனது என்று இன்றைக்கும் தேடித்தேடி எழுதுகிறார்கள். ராணி பின்னினால் எட்டுத் துணிக்கும் சரித்திரம். அயர்லாந்துக் குடியானவள் பின்னினால் கெஜக்கணக்கு.

நம் நாட்டில் இதன் பெரிய களம் ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்திலுள்ள நர்சாபூர். அங்கேயும் 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரித் தம்பதி வழியாகத்தான் லேஸ் வந்தது. முதலில் கற்றவர்களில் ஏழைக் கிறிஸ்தவப் பெண்கள், தலித் பெண்கள் இருந்தார்கள். பிறகு வியாபாரிகள் நுழைந்தார்கள். லேஸ் ஏற்றுமதிச் சரக்கானது. காப்பு போன்ற நிலமுள்ள சாதிப் பெண்களும் வீட்டைவிட்டு வெளியே போகாமல் செய்யலாம் என்று அதை எடுத்துக்கொண்டார்கள்.

1970களின் பிற்பகுதியில் அங்கே போய் ஆராய்ந்த ஜெர்மன் பெண்ணியவாதி மரியா மீஸ், 'நர்சாபூரின் லேஸ் பின்னுபவர்கள்' என்று 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். நம் தோழர்கள் படிக்கவேண்டிய புத்தகம். அந்தப் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் லேஸ் பின்னினார்கள். நாள் முழுக்கப் பின்னினாலும் கூலி ஒரு ரூபாயைத் தொடவில்லை. வயல்கூலிக்குப் போன பெண்களின் கூலி அதைவிட அதிகம். வியாபாரியைக் கேட்டால், அரசாங்கத்தைக் கேட்டால், பல நேரம் வீட்டு ஆம்பளையைக் கேட்டாலும் ஒரே பதில்: 'அவர்கள் வீட்டில் சும்மா இருக்கிறவர்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்.' கணக்கெடுப்பில் அவர்கள் தொழிலாளிகள் இல்லை. வெளிநாட்டுச் செலாவணி மட்டும் கணக்கில் வந்தது.

மீஸ் காட்டிய முக்கியமான உண்மை இதுதான். பொழுதுபோக்கு என்று பெயர் வைத்ததால்தான் கூலியைக் குறைக்க முடிந்தது. பெயர் ஒரு ஆயுதம். சாதிப் பெயர் வைத்தே நம்மிடம் வேலை வாங்கியவர்களுக்கு இது புது வித்தையல்ல. 'தொண்டு', 'கடமை', 'வெட்டி' என்று பெயர் மாற்றினால் கூலி கொடுக்க வேண்டாம். பறை அடித்தால் ஊர்க்கடமை, மாடு அறுத்தால் குலத்தொழில், லேஸ் பின்னினால் பொழுதுபோக்கு.

ஆலை இயந்திரங்கள் லேஸ் மாதிரியான பட்டைகளை மைல்கணக்கில் ஓட்டித் தள்ளுகின்றன. ஆனால் உண்மையான குரோஷாவைப் பின்னும் இயந்திரம் இன்றுவரை ஆலைகளுக்கு வரவில்லை. ஆகவே பெரிய ஜவுளிக்கடையில் மலிவு விலைக்குத் தொங்குகிற ஒவ்வொரு குரோஷா மேல்சட்டைக்குப் பின்னாலும் எங்கோ ஒரு பெண்ணின் கை இருக்கிறது. விலை மலிவு என்றால் அந்தக் கை மலிவு என்று பொருள். 2024இல் நர்சாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் வந்திருக்கிறது. பின்னியவளுக்கு?

4

நர்சாபூர் தூரம் என்று நினைக்கவேண்டாம். நம் ஊர்க்கதையை நூலின் பக்கமிருந்து பிடித்தால் அங்கேதான் போய்ச் சேரும். பெரியம்மா வாங்கிய நூல்கண்டில் நங்கூரப் படம் போட்டிருக்கும். ஆங்கர் நூல். மதுரா கோட்ஸ் கம்பெனியுடையது. 1880களில் பாபநாசம் தண்ணீரை நம்பி விக்கிரமசிங்கபுரத்திலும், பின்பு மதுரையிலும் தூத்துக்குடியிலும் ஹார்வி சகோதரர்கள் எழுப்பிய மில்கள், ஸ்காட்லாந்தின் கோட்ஸ் கம்பெனியோடு 1974இல் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயின. அந்த மில்களை எழுப்ப வைத்தது நம் கரிசல் மண்ணின் பருத்தி. சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் பக்கமெல்லாம் விளைந்த கருங்கண்ணி.

அந்தப் பருத்தியை எடுத்தவர்கள் நம் ஆச்சிமார். எங்கள் அப்பத்தா சொல்லும்: "வெடிச்ச காய்க்குள்ள விரல விட்டா நகக்கண்ணெல்லாம் கிழியும். மடி நெறைய எடுத்துக் களத்துல கொட்டுனா, அதுல ஒரு பங்கு கூலின்னு அள்ளிப் போடுவாக. அவுக கை அள்ளுறதுதான் கணக்கு." ராஜபாளையத்தில் 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா மில் தொடங்கினார். 1939இல் மருத்துவப் பஞ்சு ஆலை வந்தது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகள் பேண்டேஜ் துணி நெய்யத் தொடங்கி, இன்றைக்கு நாட்டின் ஆஸ்பத்திரிகளில் காயத்தைச் சுற்றுகிற துணியில் பெரும்பங்கு அந்தச் சிறிய ஊர்ப் பக்கமிருந்து போகிறது. தளவாய்புரத்தில் வீட்டுக்கு வீடு நைட்டி தைக்கிறார்கள். பீஸ் கணக்குக் கூலி. நைட்டியின் நெஞ்சில் வைத்துத் தைக்கிற லேஸ் பட்டை மட்டும் இயந்திரத்தில் வந்தது, தைக்கிற முதுகு மனுஷியுடையது.

தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்குள் நம் பிள்ளைகள் என்ன பெயரில் போனார்கள்? 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில். மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் அடைந்து வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு சேர்ந்து வெளியிட்ட ஆய்வறிக்கை, அத்திட்டத்தில் இருந்த பெண்களில் சுமார் 60 சதவீதம் தலித்துகள் என்று சொன்னது. கவனியுங்கள், அங்கேயும் கூலி என்று சொல்லவில்லை. சீர் என்றார்கள், உதவி என்றார்கள். கூலியைக் கொடையாக மாற்றுகிற அதே பழைய தந்திரம். நாகர்கோவில் அடிமைச் சிறுமி தன்னை மீட்கப் பின்னினாள். இருநூறு வருடம் கழித்து அவள் பேத்தி தன்னைக் கட்டிக்கொடுக்க நூற்கிறாள்.

தமிழில் நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம். நன்னூல் எழுதிய பவணந்தி இந்த இரண்டையும் உவமையாகக் கோத்து, சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் சொல்கிறார். புறநானூற்றிலும் நற்றிணையிலும் பருத்தி நூற்கும் பெண்கள் வருகிறார்கள். உவமைக்கு அவள் வேண்டும். ஆனால் நூற்றவளுக்கு நூல் படிக்க உரிமை இல்லை. மூன்றாவதாக ஒரு நூலும் இங்கே உண்டு, தோளில் குறுக்கே கிடப்பது. அந்த நூலுக்கு இருந்த மரியாதை பருத்தி எடுத்தவளின் கைக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

5

கொடைக்கு வருவோம். கொடுப்பதைப் பற்றிப் பேச ஸ்ரீவில்லிபுத்தூரைவிடப் பொருத்தமான ஊர் ஏது? சூடிக் கொடுத்தவள் ஊர். ஆண்டாள் தன் தலையில் சூடிக் களைந்த மாலை எச்சில் ஆகவில்லை, பெருமாள் அதையே கேட்டு வாங்கினார் என்பது ஊர் வழங்கும் கதை. இன்றைக்கும் ஆண்டாள் சூடிய மாலை சித்திரையில் மதுரைக்கும் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும் போகிறது. ஒரு பெண் தொட்டது, முடியில் வைத்தது, புனிதம். சந்தோஷம். ஆனால் அதே ஊரைச் சுற்றிய கிராமங்களில் நம் ஆத்தாமார் தொட்டுக் கொடுத்த தண்ணீர் தீட்டு. கொடை என்பது பொருளில் இல்லை. யார் கை கொடுக்கிறது என்பதில் இருக்கிறது. சாதி என்பதே ஒருவகையில் யாரிடமிருந்து எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்கிற பட்டியல்தானே.

பெரியம்மாவின் லேஸ் அந்தப் பட்டியலுக்குள் ஒரு வேடிக்கையான இடத்தில் மாட்டிக்கொண்டது. ஊர்த்தெருவில் ஒரு பெரிய வீட்டம்மா பெரியம்மாவிடம் டிவிப் பெட்டிக்கு உறையும் நாற்காலிகளுக்குத் துணியும் கேட்டு வாங்கினார். மூன்று மாத வேலை. நூல்காசு மட்டும் கொடுத்தார். "ஒனக்குப் பொழுதுபோனாப்லயும் ஆச்சு, எனக்குக் குடுத்தாப்லயும் ஆச்சு" என்றார். பெரியம்மா கொல்லைப்புறம் நின்றுதான் அதைக் கொடுத்தது. துணி மட்டும் நடுக்கூடத்துக்குப் போனது. துவைத்தால் தீட்டுப் போய்விடும் போல. பின்னியவளைத் துவைக்க முடியவில்லை.

கோயிலிலும் அதுதான். எங்கள் பகுதிக் கோயில் ஒன்றில் பீடத்துக்கு விரித்த துணியின் ஓரத்தில் பெரியம்மாவின் லேஸ் தொங்கியது. திராட்சைக் கொடியும் கதிரும் போட்டது. அதே கோயிலில் நம் சனங்களுக்குக் கல்லறைத் தோட்டம் தனி. பீடத்தில் இருக்கிற கைவேலைக்கு உரியவள் செத்தால் சுவருக்கு அந்தப்பக்கம். இதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நம் மண்ணிலிருந்தே, வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியிலிருந்து எழுந்துவந்த பாமா 1992இல் 'கருக்கு'வில் சபைக்குள் சாதியை எழுதிவிட்டார்.

அப்படியானால் பெரியம்மா ஏன் கொடுத்துக்கொண்டே இருந்தது? ஏமாளியா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1997 ஞாபகம் வருகிறவரை.

அந்த வருடம் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்த போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். ஒரு தலித் வீரன் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். எங்கள் வட்டாரமே எரிந்தது. கடைசியில் அரசாங்கம் எல்லாக் கழகங்களின் பெயரையும் எல்லா மாவட்டங்களுக்கும் வைத்த தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்றது. எனக்கு அப்போது ஏழு வயது. ஒரு ராத்திரி கிளம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தோம். ரேஷன் கார்டை எடுத்தவர்கள் உண்டு, கோழியைத் தூக்கி வந்தவர்கள் உண்டு. பெரியம்மா இடுப்பில் செருகி வந்தது அந்த ஊசியை. பாதி போட்ட மேசைத் துணி ஒன்றும் கையில் இருந்தது. எந்தப் பெரிய வீட்டுக்கோ போகவேண்டியது.

அங்கே பிறந்து பத்து நாளான பிள்ளையோடு ஒருத்தி இருந்தாள். மழைச் சாரல், தரை ஈரம். பெரியம்மா அந்த மேசைத் துணியின் கடைசிக் கண்ணியை அவிழ்த்துச் சரசரவென்று பிரித்தது. மாசக்கணக்கான வேலை அது. பிரித்த நூலைச் சுருட்டி, இரண்டு இழையாகச் சேர்த்து, விடிவதற்குள் ஒரு குல்லா போட்டுவிட்டது. மறுநாள் இன்னும் நாலு பெண்கள் கேட்டார்கள். ஊசி ஒன்றுதான். ஒருத்தி குடைக்கம்பியை வளைத்துக் கொண்டுவந்தாள். பெரியம்மா சொல்லிக்கொடுக்க, அழுதுகொண்டிருந்த பெண்கள் கண்ணி போடத் தொடங்கினார்கள். பேச்சும் வந்தது. யார் வீட்டில் என்ன போனது, யார் முகத்தைப் பார்த்தேன், யார் கதவைத் திறந்துவிட்டான் என்று பின்னிக்கொண்டே சொன்னார்கள். பிற்பாடு விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் தடுமாறாமல் வரிசையாகச் சொன்னவர்கள் அந்தப் பெண்கள்தான். ராத்திரியெல்லாம் பேசிப்பேசி அவர்கள் சாட்சியத்தைக் கோத்து வைத்திருந்தார்கள்.

மேல்நோக்கிக் கொடுத்தது எல்லாம் எடுத்துக்கொள்ளப்பட்டது. பக்கவாட்டில் கொடுத்ததுதான் கொடையாக நின்றது.

6

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற பெண்கள் குழு, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்து பின்னி அனுப்பிய சதுரங்களை இணைத்து உலகிலேயே பெரிய குரோஷா போர்வையை விரித்தது. 11,148.5 சதுர மீட்டர். கின்னஸில் ஏறியது. பிறகு அதைப் பிரித்து ஏழைகளுக்குப் போர்வைகளாகக் கொடுத்தார்கள். நல்ல காரியம். பல வீடுகளில் அடைந்துகிடந்த பெண்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள் என்பதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அரை சதுர மீட்டரைக்கூட விடாமல் அளக்கத் தெரிந்த உலகம், நர்சாபூரில் ஒரு லட்சம் பெண்களை எண்ணத் தெரியாமல் இருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் தொழிலாளர்களே என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. ஓய்வு உள்ளவள் பின்னினால் சாதனை, ஓய்வு இல்லாதவள் பின்னினால் ஓய்வுநேர வேலை என்கிற கணக்கை மாற்றாமல் போர்வை எவ்வளவு பெரிதானாலும் நம்மை மூடாது.

தோழர்களுக்கு நான் வைக்கிற வேண்டுகோள் சின்னது. நம் வீடுகளில் போர்டிங்கில் படித்த அம்மாக்கள், ஆச்சிகள் இருக்கிறார்கள். லேஸ் போட்டவர்கள், ஒயர்கூடை பின்னியவர்கள், பீஸ் கணக்குக்குத் தைத்தவர்கள், மில்லில் நூல் ஓட்டியவர்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். யாரிடம் கற்றாய், யாருக்குப் பின்னினாய், என்ன கொடுத்தார்கள், உனக்கென்று எதை வைத்துக்கொண்டாய்? பெயரோடு எழுதுங்கள். அந்த நாகர்கோவில் சிறுமியின் பெயர் நமக்குக் கிடைக்காமல் போனது போதும். கூலியைக் கூலி என்று சொல்லவைப்பது ஒரு போராட்டம். பொழுதை நம் பொழுது என்று சொல்வது இன்னொரு போராட்டம். முதலாவதை மட்டும் நான் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டாவதைப் பெரியம்மாதான் சொல்லிக்கொடுத்தது.

பெரியம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கண்புரை ஆபரேஷன் ஆனபிறகும் நூல் சரியாகத் தெரிவதில்லை. விரலால் தடவியே கண்ணியை எண்ணுகிறது. போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்க்கப் போனபோது இந்தக் கட்டுரைக்காக ஒரு கேள்வி கேட்டேன்: "இத்தனை வருசம் போட்டதுல ஒனக்குன்னு என்ன வச்சிருக்க பெரியம்மா?"

ட்ரங்குப் பெட்டியைத் திறந்து காட்டியது. ஒரு வெள்ளை லேஸ் துணி. பெரிய மேசை அளவு.

"மேசை எங்க?" என்றேன்.

"ஒனக்குத்தான். எழுதுறல்ல, ஒரு மேசை வாங்கிப் போட்டுக்க" என்றது.

இதை அந்தத் துணி விரித்த மேசையில் வைத்துத்தான் எழுதினேன்.